564 ஓட்டில் தோற்றார், 187 ஓட்டில் ஜெயித்தார்: ஆடம் கிரே நடுவில் நின்றதாலா ஜெயித்தார்?

மெர்செட்காரன்:

ரெண்டு வாரமா இங்கே ஒரே பேச்சு. மிதவாதின்னு சொல்லிக்கிட்டு ரெண்டு தோணியில கால் வைக்கிறவங்களால ஜனநாயகக் கட்சிக்கு என்ன லாபம்னு. அந்தப் பேச்சுல எங்க தொகுதிக்காரர் ஆடம் கிரே பேரும் அடிபடுது. அதனால எழுதறேன்.

கலிஃபோர்னியாவின் 13-வது காங்கிரஸ் தொகுதி. பே ஏரியாவிலிருந்து பச்சேக்கோ கணவாய் தாண்டி, சான் லூயிஸ் ஏரியைப் பார்த்துக்கிட்டே லாஸ் பானோஸ் பக்கம் இறங்குறீங்க இல்லையா, அந்த நிலம்தான். மெர்செட் கவுன்ட்டி முழுசும், மடேராவில் பெரும்பகுதி, ஸ்டானிஸ்லாஸ், சான் வாக்கீன், ஃப்ரெஸ்னோவில் சில துண்டுகள். பாதாம், பால், தக்காளி, சர்க்கரைவள்ளி. நிறையப் பேர் காரை நிறுத்தாம தாண்டிப் போற ஊர்கள்.

ஆடம் கிரே மெர்செட்டில் பிறந்தவர், பத்து வருஷம் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். 2022-ல் ஜனநாயகக் கட்சி சார்பா அமெரிக்கக் காங்கிரஸுக்கு நின்னார். குடியரசுக் கட்சியின் ஜான் டுவார்ட்டே 67,060, இவர் 66,496. 564 ஓட்டில் போச்சு. 2024-ல் அதே ரெண்டு பேர் மறுபடி. மார்ச் மாசத்து முதல் சுற்றில் சுமார் 55-க்கு 45-ன்னு டுவார்ட்டேதான் முன்னாடி. நவம்பரில் கிரே 1,05,554, டுவார்ட்டே 1,05,367. நாட்டிலேயே கடைசியா முடிவு தெரிஞ்ச தொகுதி எங்களுதுதான், டிசம்பர் 3-ம் தேதி. அதுவும் ட்ரம்ப் கமலா ஹாரிஸை முந்தின தொகுதி. 2026-ல் மூணாவது தடவையா நிக்கிறார்.

நான் அந்த 187-க்குப் பின்னாடி நடந்த ஒரு விஷயத்தைக் கண்ணால பார்த்தவன். தேர்தல் முடிஞ்ச பிறகு, தபால் ஓட்டில் கையெழுத்து ஒத்துப்போகாதவங்க வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கணும். ரெண்டு கட்சி ஆளுங்களும் அதே தெருக்களில் சுத்தினோம். லிவிங்ஸ்டன் பக்கம் ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து வலது கை நடுங்குது. பழைய கையெழுத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு தடவை போட்டுப் பார்த்தார், வரலை. அப்புறம் நடுங்கின கையெழுத்தையே படிவத்தில் போட்டார். நான் அட்டையைக் கதவு நிலையில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாருக்கு ஓட்டுப் போட்டார்னு நான் கேக்கலை. கிளம்பும்போது அவரே சொன்னார்: "அந்தப் பையன் போன தடவையும் வந்தான்."

என் வாதம் அந்த ஒரு வரிதான். நடுவில் நிக்கறது ஒரு கொள்கைன்னு நீங்க நினைக்கறீங்க. எங்க ஊரில் அது ஒருத்தர் திரும்பத் திரும்ப வந்து நிக்கறது.

ஃப்ரீமான்ட்_அக்கா:

தம்பி, பெரியவர் கதையைப் படிச்சு மனசு கனத்துப்போச்சு. ஆனா கதவைத் தட்டி வாங்கின ஓட்டை வாஷிங்டனில் என்ன பண்ணினார்னு கேக்கணும் இல்லையா?

2025 அக்டோபர் 1-ல அரசாங்கம் முடங்கிச்சு. 43 நாள். இதுக்கு முன்னாடி இவ்வளவு நாள் நடந்ததே இல்லை. எதுக்காக அந்தச் சண்டை? மருத்துவக் காப்பீட்டுக்குக் கூடுதலா கொடுத்துக்கிட்டு இருந்த மானியம் வருஷக் கடைசியில் தீரப்போகுது, அதை நீட்டிக்கணும்னு. நவம்பர் 12-ம் தேதி அந்த நீட்டிப்பு இல்லாமலேயே அரசாங்கத்தைத் திறக்கிற மசோதா நிறைவேறிச்சு, 222-க்கு 209. ஜனநாயகக் கட்சியில் ஆமாம்னு போட்டது ஆறே பேர். அதில் உங்க ஆள் ஒருத்தர்.

கவர்ட் கலிஃபோர்னியாங்கிற மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்குறவங்க உங்க ஊரில்தான் இருக்காங்க. சொந்தமா டிரக் ஓட்டுறவங்க, சின்னப் பண்ணைக்காரங்க, கடை வெச்சிருக்கறவங்க. கம்பெனி காப்பீடு இருக்கிற எனக்கு ஒரு டாலர்கூட ஏறாது. அவங்களுக்குத்தான் ஏறும். இதை மிதவாதம்னு சொன்னா எனக்கு ஏத்துக்க முடியலை.

பாதாம்தோப்பு:

நான் டுவார்ட்டேவுக்கு ஓட்டுப் போட்டவனுங்க. ரெண்டு தடவையும். ஒளிச்சு வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சொட்டு நீர்க் குழாய் போடற வேலை. தோப்பு தோப்பாப் போறேன்.

டுவார்ட்டே நாத்துப் பண்ணை வெச்சிருக்கற மனுசன். 2012-ல டெஹாமா கவுன்ட்டில கோதுமை போட நெலத்தை உழுதாருன்னு ஈரநெலச் சட்டத்துல கேஸு போட்டு, 2017-ல 11 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆச்சு. உழவன் உழுததுக்கு இந்த நெலமைன்னு இங்க எல்லாருக்கும் வயிறு எரிஞ்சுது. அவரு தீவிரமான ஆளும் கெடையாதுங்க, தோட்ட வேலைக்காரங்களுக்குச் சட்டப்படி தங்க வழி வேணும்னு பேசுனவரு. ஆக ரெண்டு பக்கமும் நடுவாப்புல நின்ன ஆளுங்கதான். அப்பறம் மிதவாதம் ஜெயிச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க? தோத்ததும் மிதவாதந்தானே?

தண்ணி விசயத்துல கிரே பேசறது எங்க பேச்சு. அதுக்கு ஜனநாயகக் கட்சிக்காரரு எதுக்கு, எங்காளே இருந்தாரே.

எண்கணக்கன்:

பாதாம்தோப்பு கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் இன்னும் ஒரு படி போகிறேன். திரும்பத் திரும்ப நின்றால் ஜெயிக்கலாம் என்பது உண்மையானால் பக்கத்துத் தொகுதியைப் பாருங்கள். 22-வது தொகுதியில் ரூடி சலாஸ். அவரும் மிதவாத ஜனநாயகக் கட்சிக்காரர், அவரும் பத்து வருடம் சட்டமன்றத்தில் இருந்தவர், அவருடையதும் கலிஃபோர்னியாவின் இதே மத்தியப் பள்ளத்தாக்கு. 2022-ல் குடியரசுக் கட்சியின் டேவிட் வலடாவோவிடம் மூன்று சதவீதப் புள்ளியில் தோற்றார். 2024-ல் மறுபடி நின்றபோது இடைவெளி ஏறக்குறைய ஏழாகிவிட்டது.

கொலராடோவில் ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஃப்ரிஷ். 2022-ல் குடியரசுக் கட்சியின் லாரன் போபர்ட்டிடம் வெறும் 546 ஓட்டில் தோற்றவர், கிரேயின் தோல்வியைவிடக் குறைந்த இடைவெளி. மேற்குக் கொலராடோவின் மலை ஊர்களையெல்லாம் வண்டியில் சுற்றிக்கொண்டே இருந்தார். 2024-க்குள் போபர்ட் வேறு தொகுதிக்குப் போய்விட்டார். ஜெஃப் ஹர்ட் என்ற சாந்தமான குடியரசுக் கட்சிக்காரர் வந்தார். ஃப்ரிஷ் ஐந்து புள்ளியில் தோற்றார்.

கிரேயின் வெற்றியில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 2022-ல் இங்கே இருவருக்கும் சேர்த்து விழுந்தவை 1,33,556 ஓட்டுகள். 2024-ல் 2,10,921. அதிபர் தேர்தல் ஆண்டில்தான் இந்தத் தொகுதியின் ஏழைகளும் இளைஞர்களும் ஓட்டுப் போட வருகிறார்கள். 187 என்பது ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாக் கூட்டம். அதை வைத்துக் கோட்பாடு கட்ட வேண்டாம். 2026 அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மெர்செட்காரன்:

எண்கணக்கன் சார், சலாஸ் கணக்கு எனக்கு உறைக்குது. வலடாவோ வருஷக்கணக்கா வேர் விட்ட ஆள், டுவார்ட்டே ஒரு தவணைதான் இருந்தார். அதை நான் எழுதாம விட்டது தப்பு. ஆனா ஓட்டு கூடினதால மட்டும் ஜெயிச்சார்னா, கூடி வந்த அதே கூட்டம் ஹாரிஸை ஏன் கைவிட்டது? 2020-ல் பைடன் இங்கே 11 புள்ளி முன்னாடி இருந்தார். நாலு வருஷத்தில் அது தலைகீழாச்சு. மேலே ட்ரம்புக்குப் போட்ட கை, அதே தாளில் கீழே கிரேக்குப் போட்டிருக்கு. எத்தனை கைன்னு எனக்குத் தெரியாது, ஆனா 187-க்கு மேலே.

பாதாம்தோப்பு அண்ணா, தண்ணி விஷயத்தில் அவர் உங்க பேச்சைக் கடன் வாங்கலை. 2018 டிசம்பரில் மாநில நீர் வாரியம் ஒரு திட்டம் போட்டுச்சு. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரைக்கும் ஸ்டானிஸ்லாஸ், டுவாலமி, மெர்செட் ஆறுகளில் இயல்பா வரக்கூடிய நீரில் 40 சதவீதத்தை ஆத்திலேயே விடணும்னு. மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் ஆளுங்கட்சி அவரோட கட்சி. அதுக்குள்ளேயே இருந்துக்கிட்டு எதிர்த்தார். எதிர்க்கட்சியில் உட்கார்ந்து எதிர்க்கறதும் சொந்த வீட்டுக்குள்ள எதிர்க்கறதும் ஒண்ணா?

இன்னொண்ணு. மடேரா கவுன்ட்டியில் பெரியவங்களுக்குன்னு இருந்த ஒரே பொது மருத்துவமனை 2023 ஜனவரியில் மூடிட்டாங்க. திரும்பத் திறந்தது 2025 மார்ச்சில். ரெண்டு வருஷத்துக்கு மேல! நெஞ்சுவலின்னா ஃப்ரெஸ்னோவுக்கு ஓடணும். இங்கே டாக்டர்களே வந்து தங்கறதில்லை. யூசி மெர்செட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்கு நிதி வேணும்னு சட்டமன்றத்தில் இருந்தப்போ விடாம கேட்டவர் கிரே. 2023-ல் முதல் செட் பிள்ளைங்க சேர்ந்தாங்க, பதினஞ்சு பேர். எல்லாம் பள்ளத்தாக்குப் பிள்ளைங்க. இது இடதா வலதா நடுவா?

ஃப்ரீமான்ட்_அக்கா:

மருத்துவப் படிப்புக்கு என் கைத்தட்டல். அதில் வாதமே இல்லை.

தண்ணிக்கு வர்றேன். அந்த 40 சதவீதம் எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே. சால்மன் மீன் சாகுது, டெல்டாவில் உப்பு ஏறுது, அதுக்குத்தான். கலிஃபோர்னியாவில் 2023, 2024, 2025 மூணு வருஷமும் கடலில் வணிகத்துக்குச் சால்மன் பிடிக்கத் தடை. படகைக் கரையில் கட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிற மீனவன் கிராமத்தான் இல்லையா? கிராமம்னா தோப்பு வெச்சிருக்கறவர் மட்டுமா?

உங்க மடேரா கவுன்ட்டியிலேயே ஃபேர்மீட்னு ஒரு ஊர் இருக்கு. சுத்தியும் பெரிய தோப்புகள் ஆழமாப் போர் போட்டு உறிஞ்ச, சின்ன வீடுகளோட கிணறுகள் வத்திப்போன ஊர். நான் அங்கே போயிருக்கேன், தண்ணி கொடுக்கிற ஒரு குழுவோட. ஒரு வீட்டு வாசலில் பெரிய கறுப்புத் தொட்டி, லாரித் தண்ணி. அந்த அம்மா பாத்திரம் கழுவின தண்ணியை ரோஜாச் செடிக்கு ஊத்தினாங்க. வேலி தாண்டினா பாதாம் மரம் பச்சைப்பசேல்னு நிக்குது. மிதவாதின்னா இந்த வேலிக்கு எந்தப் பக்கம் நிப்பார்? வேலி மேலேயா?

அந்த மரங்களை உலுக்கிக் காய் பொறுக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு ஓட்டே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. அவங்க எந்தக் கணக்கிலும் வர மாட்டாங்க.

பாதாம்தோப்பு:

அக்கா, ஃபேர்மீட்டுக்கு நானும் போயிருக்கேன். அந்தத் தோப்புல ஒண்ணுக்கு நான்தான் குழாய் போட்டேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத வரலைங்க.

ஒண்ணு மட்டும். ஆத்துத் தண்ணியை வெட்டுனா விவசாயி நெலத்தடித் தண்ணியத்தான் எடுப்பான். அதுக்கும் 2014 சட்டப்படி 2040-க்குள்ள எடுக்கறதும் ஊறறதும் சமமாகோணும். அப்பறம் எவ்வளவு நெலம் தரிசாகும்? தரிசானா தோட்ட வேலை போகும். நீங்க சொல்ற ஓட்டில்லாத சனந்தான் மொதல்ல பட்டினி. எனக்கு டுவார்ட்டே புடிச்சது, இதைச் சொல்றப்ப அவரு குரலே மாறும். கிரேகிட்டயும் அது இருக்குதுன்னு மெர்செட்காரரு சொன்னா நம்பறேன், ஆனா நான் இன்னும் கேக்கலை.

மெர்செட்காரன்:

அக்கா, உங்க ஃப்ரீமான்ட் குழாயில் வர்ற தண்ணியிலும் ஒரு பங்கு ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து வருது. அது டுவாலமி ஆத்துத் தண்ணி. அந்த 40 சதவீதத்தை எதிர்த்தவங்க வரிசையில் சான் ஃப்ரான்சிஸ்கோ நீர் நிர்வாகமும் நின்னது. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லலை. ஆத்தைப் பங்கு போடறப்போ எல்லாரும் விவசாயி மாதிரித்தான் பேசறாங்க.

ஃபேர்மீட்டுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த அம்மாவுக்காக அவர் குரல் கொடுத்தாரான்னு நான் போய்க் கேக்கணும்.

நவம்பர் 12 ஓட்டைப் பத்தி என் மனசைச் சொல்றேன். எனக்கும் அது வலிச்சுது. ஆனா அந்த மாசம் கால்ஃப்ரெஷ்னு அரசாங்கம் கார்டில் போடற உணவுப் பணம் ஏறுமா ஏறாதான்னு தெரியாம, கடை வரிசையில் ஒரு பொண்ணு கார்டைத் தேய்க்கறதுக்கு முன்னாடி பால் டப்பாவை எடுத்துத் தனியா வெச்சதைப் பார்த்தேன். மானியம் போனா ஜனவரியில் அடி. உணவுப் பணம் நின்னா அன்னிக்கு ராத்திரியே அடி. அவர் ரெண்டாவது அடியைத் தடுத்தார். மானியத்தை விட்டுக்கொடுத்தார். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும், நான் ஒண்ணை மறைக்க மாட்டேன். 2025 ஜூலையில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் வெட்டு வந்தப்போ எதிர்த்து ஓட்டுப் போட்டார், அது 218-க்கு 214-ன்னு நாலே ஓட்டில் நிறைவேறிச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

எண்கணக்கன்:

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. 2025 நவம்பர் 4-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டெடுப்பில், தொகுதி எல்லைகளை மாற்றும் 50-வது முன்மொழிவு நிறைவேறி, எல்லைகள் மாறிவிட்டன. 13-வது தொகுதி ஜனநாயகக் கட்சிக்குச் சற்றுப் பாதுகாப்பாகிறது. இதுவரை அவர் கட்சியை விட்டு விலகி ஓட்டுப் போட்டபோதெல்லாம் "தொகுதி அப்படி" என்று சொல்ல முடிந்தது. இனி அந்தச் சாக்கு மெலிந்துவிடும். அதே தண்ணீர்ப் பேச்சை, அதே தைரியத்தோடு, பாதுகாப்பான தொகுதியிலும் பேசினால் மெர்செட்காரன் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். பேச்சு மாறினால், 2022-லும் 2024-லும் நாம் பார்த்தது வெறும் கணக்கு.

அவர் மாறமாட்டார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

மெர்செட்காரன்:

தோத்த பிறகு அவர் பேச்சு மாறலை. அது மட்டும்தான் என்கிட்ட இருக்கு. 564-ல் தோத்தவருக்கு, கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சா நம்மாளுங்க இன்னும் கொஞ்சம் பேர் வருவாங்கன்னு சொல்ல ஆள் இருந்திருப்பாங்க. அவர் அதே தண்ணி, அதே டாக்டர், அதே தெருன்னு வந்தார்.

இந்தக் கோடையில் நான் மறுபடி கதவு தட்டப் போறேன். அக்கா, ஒரு சனிக்கிழமை நீங்களும் வாங்க. முதல் தெரு ஃபேர்மீட்டில் ஆரம்பிக்கலாம்.

ஃப்ரீமான்ட்_அக்கா:

வர்றேன் தம்பி. ஆனா அவர் நவம்பர் 12-ல் போட்ட ஓட்டைப் பத்திக் கதவைத் திறக்கறவங்க கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். எனக்குச் சமாளிச்சுப் பேச வராது. தண்ணித் தொட்டி வெச்சிருக்கற அந்த அம்மா வீட்டுக்கு முதல்ல போகணும். வீடு எனக்கு ஞாபகம் இருக்கு, வாசலில் ரோஜாச் செடி.