மறு: ‘வெதர் விண்டோ’வுக்குச் சாளரம் எதற்கு?

> ‘வானிலைச் சாளரம்’ என்றே வைத்துவிடலாம். பிடிக்காவிட்டால் ‘தணிவேளை’.

ஐயா, வணக்கம்.

கடலில் படகு பாதுகாப்பாகக் கடந்துபோக வானிலை இடம்கொடுக்கிற நேரம்தான் ‘வெதர் விண்டோ’. அதற்குச் சாளரம் ஒட்டவில்லை. படித்ததும் சன்னலோரம் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. தணிவேளை காதுக்கு இதம்தான், ஆனால் பொருள் இடிக்கிறது.

மயாமிக்கும் பகாமாசின் பிமினித் தீவுக்கும் இடையே சுமார் 45 கடல் மைல். நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் ஓடுகிறது. 15 நாட் தெற்குக் காற்றில் படகுகள் போகும். அதே 15 நாட் வடக்கிலிருந்து அடித்தால் விவரம் தெரிந்தவர் கயிற்றை அவிழ்க்க மாட்டார். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதி அலை செங்குத்தாக எழும்பும். காற்று தணியாமலே வேளை வரலாம்.

ஒரு சனவரியில் நண்பரின் பாய்மரப் படகில் நானும் தொற்றிக்கொண்டேன். மயாமியை ஒட்டிய கீ பிஸ்கேன் தீவில் நங்கூரம் போட்டு நான்கு நாள் காத்திருந்தோம். குளிர்முகப்பு (‘கோல்ட் ஃபிரன்ட்’, குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்தபின் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, கிழக்கு வழியாகச் சுற்றித் தென்கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்க வேண்டும். விடிகாலையில் நண்பர் வானொலியில் கடல் அறிக்கை கேட்பார். காற்றின் திசை, அலை உயரம், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை நொடி என்று பென்சிலால் குறிப்பார். அப்புறம் கரையேறி அடிவானத்தைப் பார்ப்பார். கோடு மேடு மேடாகத் தெரிந்தால் “யானை நிக்குது” என்று காபி போடத் திரும்பிவிடுவார். (யானை அங்குள்ள படகோட்டிகளின் பேச்சு, எங்கள் சரக்கு அல்ல.)

ஐந்தாம் நாள் யானை இல்லை. எங்கள் வேகம் 5 நாட், ஆகவே 9, 10 மணி நேரப் பயணம். அடுத்த குளிர்முகப்புக்கு 30 மணி நேரம் இருந்தது. மணல்திட்டுகளைக் கண்ணால் பார்த்து நுழையப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பினோம். வேகமான விசைப்படகுக்கு 3 மணி நேரம் கிடைத்தாலே போதும். வானிலை ஒன்றுதான், ஆனால் படகுக்குப் படகு வேளை வேறு.

என் முன்மொழிவு: கடப்பு வேளை. ‘வேளை பார்த்து’, ‘வேளை தப்பியது’ என்று ஏற்கெனவே புழங்குகிறோம். ராக்கெட்டுக்கு ‘ஏவு வேளை’ என்றும் நீட்டலாம்.

—

> கடப்பு வேளை

ஈழத்தில் கடப்பு என்றால் வேலியில் ஆள் புகுந்து போகிற திறப்பு. குழப்பாதா?

—

நல்ல கேள்வி, அக்கா. வேலிக் கடப்பும் அடைபடுவதற்குள் புகுந்துவிட வேண்டியதுதானே? எனக்கு அது இடைஞ்சலாகப் படவில்லை. ஞாயிறு வரை வேறு மறுப்பு வராவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘குளிர்முகப்பு’ சரியா என்பதைத் தனி இழையில் பேசலாம், அதில் எனக்கே ஐயம் உண்டு.