புதுப்பிப்பு: எங்கள் தெரு ஆடு புலி ஆட்டப் போட்டி
மயிலாப்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆடு புலி ஆட்டப் போட்டி வைக்கப் போகிறோம், ஒருவர் ஆடுகளைத் தாண்டி வெட்டும் புலிகளையும், மற்றவர் புலிகளை நகரவிடாமல் அடைக்கும் ஆடுகளையும் ஆடுவதால் இரண்டு பக்கமும் சமமில்லையே, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் வைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தோம், சமனானால், குறைவாக ஆடு இழந்தவருக்கு வெற்றி.

மொட்டை மாடியில் சாக்பீஸ் கோடுகள், புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. 14 பேர் வந்தார்கள். செஸ் வகுப்புக்குப் போகிறவர்கள்தான் முதலில் திணறினார்கள். எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது என்பது அவர்களுக்குப் புதிது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாட்டியிடம் கற்றவள், ஓரங்களிலேயே ஆடுகளை இறக்கி, இரண்டை மட்டும் பறிகொடுத்து மூன்று புலிகளையும் அடைத்துவிட்டாள். என்ன பொறுமை!

அடுத்தது பொங்கல் விடுமுறையில். மரப்பலகை செய்து தரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.