மறு: சேர்க்கிற் பலகைக்கான 'டிவெலப்பர்' தமிழில் என்ன?

அண்ணை,

மின்சுற்றுப் பலகை செய்யும்போது பாவிக்கிற 'டிவெலப்பர்' கரைசலுக்கு 'உருவாக்கி' வேண்டாம். மென்பொருள் எழுதுகிறவரையும் அப்படித்தானே சொல்கிறோம். அதைவிடப் பெரிய குறை, இந்தக் கரைசல் எதையும் உருவாக்குவதில்லை.

செப்புப் பலகையில் ஒளியுணர் படலத்தை ஒட்டி, வடிவம் அச்சிட்ட தாளை மேலே வைத்து வெளிச்சம் காட்டுகிறோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் சலவைச்சோடாவை, அதாவது சோடியம் காபனேற்றுத் தூளைக் கரைத்துப் பலகையை அதில் ஆட்டினால், இறுகாத இடம் கரைந்து செம்பு தெரியும். நேர்வகைப் பூச்சென்றால் மறுவளம்: வெளிச்சம் பட்டதுதான் கரையும், அதற்கு எரிசோடா (சோடியம் ஐதரொட்சைட்டு), லீற்றருக்கு 7 முதல் 10 கிராம். இரண்டிலும் வேண்டாத படலம் போகிறது, அவ்வளவுதான்.

முந்தி ஸ்ரூடியோவில் 'படம் கழுவக் குடுத்தாச்சு' என்போம். உண்மையில் அங்கே டிவெலப்பர் எதையும் கழுவுவதில்லை. ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கரிய வெள்ளியாக மாற்றுகிறது. அங்கே பொருந்தாத சொல் இங்கே அச்சாகப் பொருந்துகிறது! ஆனாலும் 'கழுநீர்' என்று வைத்தால் மாட்டுக்குத்தான் ஊற்றுவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கழுவத்தானே என்று முதல்முறை கிணற்றுத் தண்ணீரிலேயே கரைத்தேன், பால்போல வெளுத்துவிட்டது. எங்களுடையது சுண்ணக்கல் நிலம். தண்ணீரிலுள்ள கல்சியம் காபனேற்றோடு சேர்ந்து பொடியாகப் படிகிறது. கரைசலின் வலு பெரிதாகக் குறையாது, ஆனால் பலகையெல்லாம் பொடி. இப்போது பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர்தான்.

என் சொல் 'துலக்கி'. ஒளிப்படத்துக்கு 'உருத்துலக்கி' ஏற்கெனவே இருக்கிறது. துலக்கினால் அழுக்கும் போகும், உள்ளிருப்பது துலங்கவும் செய்யும். நாங்கள் பல்லைத் தீட்டுகிறவர்கள்தான், என்றாலும் 'பல் துலக்குதல்' எல்லோருக்கும் விளங்கும்.

---

தம்பி,

துலக்கி சரி. ஆனால் போத்தலில் வெறும் 'துலக்கி' என்று ஒட்டிவிடாதையும், குசினியில் பாத்திரம் மினுக்க எடுத்துவிடுவார்கள். 'படலத் துலக்கி' என்று முழுதாக எழுதும். எரிசோடாவில் செய்ததற்கு 'எரி' என்ற சொல் முன்னால் கட்டாயம் வேண்டும்: 'எரிதுலக்கி'. சலவைச்சோடா கையில் பட்டால் கழுவிவிடலாம். எரிசோடா தோலைத் தின்னும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போடும். தண்ணீருக்குள்தான் எரிசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், மாறி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டியில் கரைத்தால் சட்டியை அரித்து ஐதரசன் வாயு கிளம்பும். பிளாஸ்ரிக் வாளி நல்லது.

கடைசியில் இறுகிய படலத்தையும் எடுக்க 2, 3 வீத எரிசோடாக் கரைசல் பாவிக்கிறோமே, அது துலக்கி அல்ல. அதற்கு 'உரிப்பி' என்று வைக்கலாமா?