வெகன் ஆர் காருக்கு 165 டயர்: 13 மில்லிமீற்றரா, ஆறரையா?

வாவிக்கரை:
நேத்து இஞ்ச ஒருத்தர் எழுதியிரிக்கார்: "வெகன் ஆர்ல 155/65ஆர்14ஐக் கழட்டிப்போட்டு 165/65ஆர்14 போடுங்க, கார் 13 மில்லிமீற்றர் உயரும், குலுக்கமும் இல்ல, காசும் மிச்சம்" எண்டு. வாசிச்ச நேரத்திலிருந்து எரிச்சலா இரிக்கி. 155, 165 எண்டது டயர்ர அகலம், மில்லிமீற்றரில. 65 எண்டது பக்கச்சுவர்ர உயரம், அகலத்தில 65 வீதம். 14 எண்டது றிம் விட்டம், அங்குலத்தில. 155க்குப் பக்கச்சுவர் 100.75, 165க்கு 107.25. கார் ஆறரைதான் உயரும். 13 எங்கயிருந்து வந்த?

படுவான்கரையான்:
எழுதின நான்தான். மாத்த முதலும் பிறகும் கதவுக்குக் கீழயிருந்து நிலம் வரைக்கும் டேப் பிடிச்சன். 13. வவுணதீவுக்கு அங்கால கிறவல் றோட்டில தினமும் ஓடுறவன் நான். நீங்க கல்குலேட்டர்ல ஓடுறீங்க.

வாவிக்கரை:
முழு விட்டம் 557.1லிருந்து 570.1. உங்கட 13 அதுதான். அச்சு நடுவில இரிக்கிறதால பாதிதான் காருக்கு. ஆறரை.

படுவான்கரையான்:
டேப் 13 காட்டின.

கல்முனை நானா:
தம்பிமார், பழைய டயர் தேஞ்சிருந்ததா? புது டயர்ல பள்ளம் கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர். 2க்குத் தேஞ்சதைக் கழட்டினா அதுலயே 6 உயரும். ஆறும் ஆறரையும் பன்னிரண்டரை. ரெண்டு பேரும் சரிதானே?

வாவிக்கரை:
நானா, தேய்மானத்தை இதுக்குள்ள கொண்டு வராதீங்க. அளவை மாத்தினதால எவ்வளவு எண்டதுதான் கேள்வி. ஆறரை. இன்னொண்டு, மீற்றர் 60 காட்டக்குள்ள கார் 61.4ல ஓடும். 100 கிலோமீற்றர் ஓடினா மீற்றரில 97.7தான் விழும். பிறகு "பெற்றோல் கூடக் குடிக்குது" எண்டு இஞ்ச வந்து அழுவார்.

படுவான்கரையான்:
நான் எங்க அழுத? போன மாரிக்கு பேட்டரி விசயத்திலயும் இப்பிடித்தான் என்னைப் பொய்யன் எண்டீங்க. மறக்கல்ல.

ஏறாவூர்ப் பொடியன்:
அண்ணன், ஸ்டியரிங்க முழுசாக் கிறுக்கினா டயர் உள்ளுக்குத் தட்டுதா?

வாவிக்கரை:
பேட்டரி விசயத்திலயும் நான் சொன்னதுதான் சரி. குலுக்கம் குறைஞ்சது புது ரப்பராலயும் காத்தாலயும். சாரதிப் பக்கக் கதவடியில ஒட்டியிருக்கிற காத்து அளவை எத்தின பேர் பாக்கிறீங்க? 40 பிஎஸ்ஐ காத்து அடிச்சுப்போட்டுக் குலுக்குது எண்டா டயர் என்ன செய்யும்?

படுவான்கரையான்:
நான் 40 அடிச்சத நீங்க கண்டீங்களா? காத்தான்குடியில நாலு கடை ஏறி இறங்கினன். 155 ஓடர் பண்ணித்தான் எடுக்கலாமாம். 165 கையில இரிந்த, டயருக்கு மூவாயிரம் குறைவு. நாலுக்கும் பன்னிரண்டாயிரம். அது உங்கட கல்குலேட்டர்ல வராதா?

கல்முனை நானா:
165 கொஞ்சம் பாரமும் கூடத் தாங்கும். டயர்ல அளவுக்குப் பக்கத்தில இரிக்கிற சுமைக் குறியீடு 155ல வழமையா 75, ஒரு டயருக்கு 387 கிலோ. 165ல 79, அதுக்கு 437. வாங்கக்குள்ள அந்த இலக்கத்தையும் பாருங்க.

வாவிக்கரை:
பாரத்தை ஆர் கேட்ட? ஆறரையா 13ஆ எண்டுதான் கேட்ட. ஆறரை.

படுவான்கரையான்:
13. வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லடிப் பாலத்தடிக்கு வாங்க. காரோட நிக்கன்.

வாவிக்கரை:
வாறன். உங்கட டேப் வேணாம், நான் கொண்டு வாறன்.

ஏறாவூர்ப் பொடியன்:
கிறுக்கினாத் தட்டுதா எண்டு ஆரும் சொல்லல்லயே?