பழைய கேம்பிங் ட்ரெய்லரைப் புதுப்பிச்சவங்க: இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கிற ஒண்ணைச் சொல்லுங்க

தகரக்கொட்டகை:

1962 ஷாஸ்டா ஏர்ஃப்ளைட், 16 அடி, மரச்சட்டத்து மேல அலுமினியத் தகடு போர்த்தின ட்ரெய்லர். பின்பக்க இடது மூலை, ஜன்னலுக்கு ரெண்டு அங்குலம் கீழே. ஸ்க்ரூடிரைவரை அழுத்தக்கூட இல்லை, வெச்சதும் பிடி வரைக்கும் உள்ளே போயிடுச்சு. வெளியே இழுத்தா நுனியில ஈரமான டீத்தூள் மாதிரி ஒட்டிக்கிட்டு வருது. அதுதான் மரச்சட்டம்! வெளியே அலுமினியம் பளபளன்னு இருக்கு, பின்னாடி அலங்கார ரெக்கை ரெண்டும் ஒரு நசுங்கல் இல்லாம நிக்குது, உள்ளே புதுசா வெள்ளை பெயிண்ட். அந்த வெள்ளையைப் பாத்ததுமே உஷாராயிருக்கணும். பிர்ச் ப்ளைவுட்ல தண்ணிக்கறை விழுந்தா போகாது, அதை மறைக்கத்தான் பாதிப்பேர் பெயிண்ட் அடிக்கிறாங்க.

மூலைப்பட்டைக்கு அடியில தண்ணி புகாம அடைக்க வெச்ச புட்டி காலப்போக்குல காஞ்சு சுண்ணாம்பாயிடும். அப்புறம் பட்டையில இருக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையும் ஒரு சின்னக் குழாய்தான். தண்ணி தகட்டுக்குப் பின்னாடியே இறங்கி அடிக்கட்டையில தேங்கும். ஒழுகுற இடம் கூரையில, இத்துப்போற இடம் தரையில. அதனால குத்திப் பாக்க வேண்டியது நாலு மூலை, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே, கூரை வென்ட்டைச் சுத்தி, சக்கரக்கூட்டுக்குப் பின்னாடி, பின்பம்பருக்கு மேல.

பிரிக்கும்போது முதல்ல பட்டை, அப்புறம் ஜன்னல், அப்புறம் தகடு மேலிருந்து கீழே. மாட்டும்போது கீழிருந்து மேலே. மேல் தகடு கீழ்த் தகட்டு மேல ஏறி உக்காரணும், இல்லேன்னா மழைத்தண்ணிக்கு நாமளே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. இத்துப்போன கட்டையைத் தொடறதுக்கு முன்னாடி அதோட வளைவை அட்டையில வரைஞ்சுக்குங்க. எடுத்தப்புறம் வளைவும் இருக்காது, கட்டையும் இருக்காது. பட்டைக்கு அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் பட்டை), 1/8 அங்குலத் தடிமன், 3/4 அங்குல அகலம். இறுக்கிட்டு ரெண்டு மூணு நாள் வெயில்ல விட்டு மறுபடி இறுக்கணும், பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியால சீவணும். சிலிக்கோன் பக்கமே போகாதீங்க.

முட்டைக்கோது:

மரச்சட்டம் வாங்கினால் உக்கத்தானே செய்யும். எங்கட போலர் 13 அடி. கனடாவில வினிப்பெக்கில 1968இல செய்யத் தொடங்கின ஃபைபர்கிளாஸ் முட்டை. மேல்பாதி, கீழ்ப்பாதி, நடுவில ஒரு பொருத்து, அவ்வளவுதான். உக்கிறதுக்குச் சுவருக்குள்ள மரமே இல்லை.

ஆனால் கதவு. வெளிக்கிடேக்க ஒரு விரலால சாத்துப்பட்ட கதவு, 400 கிலோமீற்றருக்குப் பிறகு மேல்மூலையில அரை அங்குலம் இடிச்சுக்கொண்டு நிக்குது. பார்க்கிற எல்லாரும் பிணைச்சலைத்தான் பிழை சொல்லுவினம். கழட்டி வளைக்கிறது, கதவு விளிம்பைத் தேய்க்கிறது, தட்டையாக்கப் பார்க்கிறது (கதவே வளைவானது, தட்டையாக்கினால் கதை முடிஞ்சுது). கதவில ஒரு பிழையும் இல்லை. கீழ படுத்துப் பாருங்கோ. முன்பக்கம் இழுவைச்சட்டம் மேல்நோக்கி வளைஞ்சு போற இடத்தில, குழாய்க்குக் குறுக்கால மயிரளவு துருக்கோடு ஒண்டு தெரியும். அதுதான் வெடிப்பு. சட்டம் தொய்ய, மேல இருக்கிற கோது முறுகி, கதவு வாய் கோணலாகுது.

வெடிப்புக்கு மேலால வெல்டிங்கை இழுத்துவிடுறது மருந்தில்லை. வெடிப்பு முடியிற நுனியில 3 மில்லிமீற்றர் துளை போட்டு அது மேற்கொண்டு ஓடாமல் மறிக்கவேணும். பிறகு வெடிப்பை ‘வி’ வடிவில அரைச்சு நிரப்பி, பக்கத்தில இரும்புத்தகடு வைக்கவேணும். தகட்டின்ர முனையை நேராக வெட்டாதேங்கோ, சரிவாக வெட்டுங்கோ. நேராக வெட்டி நிலைக்குத்தாக வெல்ட் பண்ணினால் அடுத்த வெடிப்பு சரியா அந்தக் கோட்டிலதான் வரும். குழாயின்ர அடிப்பக்கத்திலையும் மேல்பக்கத்திலையும் குறுக்கு வெல்ட் வேண்டாம். வேலை தொடங்க முதல் கோதுக்கு அடியில ஜாக் குடுத்து, கதவு சரியாச் சாத்துப்படுற நிலைக்குக் கொண்டுவந்து வைச்சுக்கொண்டுதான் வெல்ட் பண்ணவேணும். கோணலோட வெல்ட் பண்ணினால் கோணல் நிரந்தரம்.

பின்பம்பர்:

@முட்டைக்கோது, சுவரில் மரம் இல்லை, சரி. தரை எதில் நிற்கிறது? ப்ளைவுட். உட்கதவுகளையும் அலமாரியையும் தாங்குகிற ஒவ்வொரு ரிவெட்டும் கோதைத் துளைத்து வெளியே போகிறது. மூடி கழன்ற ரிவெட் வழியாக இறங்குகிற தண்ணீருக்கு ஃபைபர்கிளாஸ் என்றால் என்ன, அலுமினியம் என்றால் என்ன.

ஏர்ஸ்ட்ரீம் என்கிற அலுமினிய ட்ரெய்லரிலும் இதே ஏமாற்றுதான். வெளித்தோல் அலுமினியம், உள்தோல் அலுமினியம், நடுவே 5/8 அங்குல ப்ளைவுட் தரை. அந்தத் தரை சும்மா நடப்பதற்கு மட்டும் அல்ல. மேற்கூட்டின் அடிச்சட்டத்துக்கும் கீழ்ச் சேஸிஸுக்கும் இடையே சாண்ட்விச் மாதிரி போல்ட்டால் கடிக்கப்பட்டிருக்கிறது. ஓரம் இற்றால் போல்ட்டுக்குப் பிடிப்பு இல்லை. பின்பக்கம் குளியலறை வைத்த 1970களின் நீள வண்டிகளில் பின்பம்பர் மேல் ஏறி நின்று இரண்டு தடவை குதியுங்கள். பம்பர் இறங்கி, கூடு இறங்காமல் அப்படியே நின்று, நடுவே விரல் நுழைகிற இடைவெளி வாயைத் திறந்து மூடினால் பின்பகுதி சேஸிஸை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்த வாய் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்த ஏர்ஸ்ட்ரீமைப் பார்த்தாலும் கண் முதலில் பம்பருக்குத்தான் போகும்.

பின்னாலிருந்து நாலடித் தரையை அறுத்து எடுத்து, புதுப் பலகையின் எல்லா விளிம்புகளிலும், போல்ட் ஓட்டைகளுக்குள்ளும் எபாக்ஸி தடவி, பிறகு போல்ட். உள்தோலையும் முழுத் தரையையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். உள்ளே குறுக்குக் கட்டை கொடுக்காமல் பிரித்தால் கூடு அகன்றுகொள்ளும், பழைய ஓட்டை எதுவும் திரும்பப் பொருந்தாது. உட்பக்கம் கை எட்டாத இடத்தில் 5/32 அங்குல ‘ஒலிம்பிக்’ வகை ரிவெட், வெளியிலிருந்தே போட்டு, தலையைச் சீவிவிடலாம்.

இன்னொன்று: ரிவெட் திரும்பத் திரும்பத் தெறித்தால் ரிவெட்டை விட்டுவிட்டு அச்சைப் பாருங்கள். ரப்பர் முறுக்கு அச்சில் (ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர்) அந்த ரப்பர் கெட்டியாகிவிட்டால் சாலையின் அடி முழுக்கக் கூட்டுக்குத்தான் போகும். வண்டி எடையோடு நிற்கும்போது, அச்சிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கை சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கிடைமட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால் அச்சை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கோட்டர்பின்:

நெடுஞ்சாலையில் சக்கரம் ஒன்று தனியாக உருண்டு கார் பக்கத்தில் வந்து, முந்திப் போகிறது. யாருடையது என்று யோசிக்க ஒரு நொடி. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் இடப்பக்கம் தீப்பொறி. அவ்வளவுதான் சம்பவம்.

எல்லாரும் மரம், தகரம் என்றே பேசுகிறீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், முதல் பயணத்துக்கு முன் பேரிங். 3500 பவுண்டு அச்சாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே எல்68149, வெளியே எல்44649 என்ற எண் பேரிங். பழைய அச்சில் அப்படியே இருக்கும் என்று நம்பாமல் பேரிங் மேலேயே பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் நீலநிறமோ குழியோ தெரிந்தால் பேரிங், அதன் வெளிவளையம் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதுப் பேரிங் போடுவது வீண். கிரீஸை வெளியே பூசுவது நிரப்புவது ஆகாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி இழுங்கள், மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை. பின்பக்கச் சீலைப் புதிதாகப் போடுங்கள். பழைய சீல் கசிந்தால் கிரீஸ் பிரேக் ஷூவில்தான் போய் உட்காரும்.

இறுக்கும்போதுதான் தவறு. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு ஹப்பைச் சுற்றாமல் முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட் கழலாமல் பூட்டும் கோட்டர் பின். அதைப் போட்ட பிறகும் நட் கொஞ்சம் ஆட வேண்டும். கார் சக்கரம் மாதிரி ‘டைட்டா’ விட்டால் ஐம்பது மைலில் நீலமாகும். வருடம் ஒருமுறை அல்லது 12,000 மைல், எது முதலோ அது.

சக்கர நட் 1/2 அங்குல ஸ்டட் என்றால் 90 முதல் 120 அடி-பவுண்டு. 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்த ரிம் என்றால் கட்டாயம்: பெயிண்ட் நசுங்கும், நட் தளரும். மேலே உருண்டு போன சக்கரத்தின் ரிம் அழகான பாலாடை நிறம்.

டயர் தேயாமல் இருப்பதைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் கடைசி நாலு எண்: 2316 என்றால் 2016இன் 23ஆம் வாரம். ஆறேழு வருடம் தாண்டிய ட்ரெய்லர் டயர், பூரான் கால் மாதிரி வெடிப்பு தெரியாவிட்டாலும் வேண்டாம். எஸ்டி205/75ஆர்14 அளவு, லோடு ரேஞ்ச் சி டயர், 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டு தாங்கும். காற்றைக் குறைத்தால் அந்தக் கணக்கும் குறையும்.

இழுவை எடை, அதாவது கார் கொக்கியில் ட்ரெய்லர் மூக்கு அழுத்தும் எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். குறைந்தால் வால் ஆடும். புதுப்பிக்கும்போது முன்பக்க இரும்பு அடுப்பை எடுத்துவிட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி வைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லாரி நிறுத்தங்களில் ‘கேட்’ (CAT) நிறுவன எடைமேடை இருக்கிறது, ஊகம் தேவையில்லை.

சும்மா ஒருத்தன்:

சிலிக்கோன் வேண்டாம்னு ஏன் எல்லாரும் குதிக்கிறீங்க? எங்க ஷாஸ்டா கூரை வென்ட்டைச் சுத்தி அடிச்சு நாலு வருஷம், சொட்டு ஒழுகலை.

தகரக்கொட்டகை:

@சும்மா ஒருத்தன், நாலு வருஷம் சரி. அஞ்சாவது வருஷம் ஓரம் தூக்கும்போது மேல என்ன போடுவீங்க? சிலிக்கோன் விட்ட படலத்து மேல பெயிண்ட் ஒட்டாது, பியூட்டைல் ஒட்டாது, புது சிலிக்கோன்கூட ஒட்டாது. வெளிப்பார்வைக்கு முழுசா ஒட்டின மாதிரியே இருந்துக்கிட்டு அடியில தண்ணியை வாங்கும். முதல்ல சொன்னேனே அந்த இடது மூலை, அங்கேயும் யாரோ ரெண்டு ட்யூப் பிதுக்கியிருந்தாங்க.

முப்பது ஆம்ப்:

ஈரப்புல். வெறுங்கால். கதவுக் கைப்பிடியைத் தொட்ட கை வெடுக்கென்று பின்னால் வந்தது. வண்டிக்குள்ளே நடமாடினால் ஒன்றுமில்லை. ஒரு கால் தரையில், ஒரு கை அலுமினியத்தில் இருக்கும்போதுதான்.

பழைய வண்டிகளில் பல, எர்த் இல்லாத இரண்டு கம்பி வயரோடு வந்தவை. பிறகு யாரோ மூன்று முனை ப்ளக் மாட்டி, எர்த் முனையை எங்கேயும் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பேனலுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ வயரைக் கடித்தாலோ, பழைய ஃப்ரிட்ஜின் ஹீட்டர் கசிந்தாலோ மின்சாரம் போக வேறு வழியில்லாமல் முழுத் தோலும் உயிர்பெறும். மின்சாரம் கொடுத்ததும், தொடுவதற்கு முன், தொடாமல் காட்டும் டெஸ்டரை வெளித்தகட்டின் பக்கத்தில் கொண்டுபோங்கள். கத்தினால் மின்கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்டு வயரை உருவுங்கள்.

வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனிக் கட்டையில் இருக்க வேண்டும், வீட்டுப் பேனல் மாதிரி இணைக்கக் கூடாது. அமெரிக்க வீட்டில் ட்ரெய்லருக்கான 30 ஆம்ப் பிளக்பாயிண்ட் போடச் சொன்னால் ‘120 வோல்ட்’ என்று எழுதிக் கொடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று நினைத்து 240 கொடுத்துவிடுகிற எலெக்ட்ரீஷியன்கள் உண்டு. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகினால் கன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் ஒரே நொடியில்.

எலிவளை:

பெஞ்சு பெட்டியைத் திறந்ததும் எலிப்புழுக்கை. கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். பெருக்கக் கூடாது, வாக்குவம் போடக் கூடாது. தூசியில் ஹாண்டா வைரஸ் வரலாம். கதவு, ஜன்னல் திறந்து அரைமணி நேரம் விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைய ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பழைய கண்ணாடிப்பஞ்சு முழுக்கப் போக வேண்டியதுதான்.

பொடிநடை:

அமெரிக்காவின் பால்டிமோர் சுரங்கப்பாதைக்கு முன் பலகை: புரொப்பேன் (நம் அடுப்பு எரிவாயு). 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டருக்கு ஐ-95, ஐ-895 நெடுஞ்சாலைகளின் சுரங்கங்கள் இரண்டிலும் அனுமதி இல்லை. நம் ட்ரெய்லர் மூக்கில் நிற்பதோ 20 பவுண்டு. முன்பெல்லாம் கீ பாலம் வழியாகத் திரும்பிவிடலாம். 2024 மார்ச்சில் அது விழுந்துவிட்டதால் ஐ-695இன் மேற்குப் பக்கம் சுற்றி வர வேண்டும். சுரங்கத்துக்கு முன் சாலையை விட்டு விலகக் கடைசி வழி எது என்று கிளம்பும்போதே பார்த்து வையுங்கள், பலகை தெரியும்போது பின்னால் லாரி நிற்கும்.

சிலிண்டர் கைப்பிடி முக்கோண வடிவில் இல்லாமல் பழைய வட்டமாக இருந்தால் அமெரிக்காவில் நிரப்பித் தர மாட்டார்கள். ரெகுலேட்டரையும் மாற்றி, வாயு அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் அளவுக்கு வருகிறதா என்று மேனோமீட்டரில் பாருங்கள். கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர் போதும், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் பித்தளையைத் தின்றுவிடும்.

முட்டைக்கோது:

@பின்பம்பர், ரிவெட் கதை உண்மைதான், விடுறன். கழட்டின ஓட்டைக்கு மூடின முனை ரிவெட், தலைக்கு அடியில பியூட்டைல் ஒரு சிறு உருண்டை, உள்பக்கம் வொஷர். உள்ச்சுவர் நுரையை வெட்டிப்போட்டு வேற ஒட்டலாமோ எண்டு கேட்கிற ஆக்களுக்கு: கிழியாமல் இருந்தால் தொடாதேங்கோ, கழுவி லேடெக்ஸ் பெயிண்ட் அடியுங்கோ. கரைப்பான் கலந்த ஸ்பிரே அடிச்சால் நுரை சுருங்கிப்போம்.