இம்பிளான்ட்ல சாதாரண ஸ்கேலர் ஓட்டிட்டாங்க, கோடு கோடா தெரியுது, என்ன பண்றது?

முத்து_சேலம்:
அப்பாவுக்கு கீழ் கடைவாய்ல இம்பிளான்ட் இருக்கு, அதாவது தாடை எலும்புல டைட்டானியம் திருகு வச்சு மேல கேப் போட்ட பல். போன வாரம் ஒரு கிளினிக்ல க்ளீனிங் போனப்ப மத்த பல்லுக்கு போட்ட அதே ஸ்டீல் ஸ்கேலர் (காரை சுரண்டற கருவி) முனைய அதுலயும் ஓட்டிட்டாங்க, கர்ருனு ஒரே சத்தம், இப்ப பாத்தா ஈறு ஓரமா சாம்பல் கலர்ல கோடு. கேட்டா ஒன்னும் ஆகாதுங்கறாங்க. டைட்டானியம் கீறல் விழுமா? மாத்தணுமா?

பல்டாக்டர்_கோவை:
மாத்தறதெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. முதல்ல கோடு எங்க இருக்குனு பாருங்க. வெள்ளை கேப் மேல இருந்தா அது பெரும்பாலும் கீறலே இல்ல, ஸ்டீல் தேஞ்சு ஒட்டுன கறை, பாலிஷ் போட்டா போயிடும். கேப்புக்கு கீழ ஈறு ஓரமா இருக்கற உலோகக் கழுத்துப் பகுதில இருந்தாதான் யோசிக்கணும். டைட்டானியம் ஸ்டீல விட சாஃப்ட், அதனால ஸ்டீல் முனை பட்டா கண்டிப்பா கோடு விழும். வழுவழுனு இருக்க வேண்டிய கழுத்து 0.2 மைக்ரானுக்கு மேல சொரசொரப்பானா கிருமிப் படலம் அதிகமா ஒட்டும், அதுதான் பிரச்சினை, கீறல் இல்ல.

ராணி_ஹைஜீனிஸ்ட்:
அதுக்குனு பிளாஸ்டிக் க்யூரெட் (கையால சுரண்டற கருவி) தான் சேஃப்னு நினைக்காதீங்க. கோடு போடாது, ஆனா கெட்டிக் காரைய எடுக்க மாட்டேங்குது, திருகு மரை வெளிய தெரியற இடத்துல அதுவே துருவி துணுக்கா ஒட்டிக்கும். கழுத்துக்கு நாங்க டைட்டானியம் க்யூரெட், இல்ல பீக்ங்கற கெட்டிப் பிளாஸ்டிக் முனை மாட்டுன அல்ட்ராசோனிக் (அதிர்வால காரை எடுக்கற மெஷின்) போடுவோம். சாஃப்டான கிருமிப் படலத்துக்கு கிளைசின் பவுடர ஊதி சுத்தம் பண்ற ஏர் பாலிஷ் நல்லாருக்கும், சோடா பவுடர் வேணாம், அது அரிக்கும்.

முத்து_சேலம்:
டாக்டர், கோடு கழுத்துலதான் இருக்கு. வீட்ல ஃப்ளாஸ் போட்டுத் தேய்க்கலாமா?

பல்டாக்டர்_கோவை:
மரை வெளிய தெரிஞ்சா ஃப்ளாஸ் வேணாம், நூல் பிஞ்சு மாட்டி அதுவே புண்ணாக்கின கேஸ் இருக்கு. கம்பிக்கு பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கற இன்டர்டென்டல் பிரஷ் (பல் இடுக்குல விட்டுத் தேய்க்கற சின்ன பிரஷ்) வாங்குங்க. பேஸ்ட் எப்பவும் போல போதும், கிளினிக்ல அமிலம் கலந்த ஃப்ளோரைடு ஜெல் போட வந்தா மட்டும் வேணாம்னுடுங்க, டைட்டானியத்து மேல இருக்கற ஆக்சைடு படலத்த அது அரிக்கும். வேற கிளினிக்ல கழுத்த பாலிஷ் பண்ணி ஒரு எக்ஸ்ரே எடுங்க, இம்பிளான்ட் வச்சப்ப எடுத்த பழைய எக்ஸ்ரேவையும் கொண்டு போங்க, எலும்பு இறங்கிருக்கானு ஒப்பிட்டாதான் தெரியும். தொட்டா ரத்தம், சீழ் வந்தா தள்ளிப் போடாதீங்க.

முத்து_சேலம்:
பழைய எக்ஸ்ரே அம்மா பீரோல இருக்காம். சனிக்கிழமை போறோம்.