முட்டித் தேய்மானத்துக்கு நீச்சல் போறேன், வலி கூடுதே?

விசில்54 கேட்டது:
வயசு 54, ஈரோடு. முப்பது வருஷமா பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச காலுங்க. இடது முட்டியில தேய்மானம்னு எக்ஸ்ரே பாத்துச் சொல்லிட்டாங்க. டாக்டர் நீச்சல் போகச் சொன்னார். நமக்கு அது புதுசில்லைங்க, முதுகுல சுரைப்புருடையைக் கட்டி எங்கப்பா தோட்டத்துக் கிணத்துல தள்ளிவிட்டுக் கத்துக்கிட்டதுதான். இப்ப டவுன்ல மாசக் கட்டணம் கட்டி மூணு வாரமாப் போறேன். தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் சொர்க்கம். வீட்டுக்கு வந்து படி ஏறுனா முட்டியோட உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்குனு குத்துது. முன்னாடி அந்த இடத்துல வலியே இல்ல. எனக்குத் தெரிஞ்சது தவளை நீச்சல் ஒண்ணுதானுங்க. விட்டுடட்டுமா?

வாய்க்கால்கரை:
குளத்துக்குக் காசு எதுக்குங்க? காலிங்கராயன் வாய்க்கால் பக்கத்துலயே ஓடுது.

பெடல்மிஷின்:
அண்ணா, நீச்சலை விடாதீங்க, தவளையை விடுங்க. எனக்கும் இதே கதைதான். இருபது வருஷம் தையல் மிஷின் மிதிச்ச முட்டி. 49 வயசுலதான் தண்ணியில இறங்கினேன். சொல்லிக்குடுத்தவர் முதல்ல தவளைதான் கத்துக்கொடுத்தார், ரெண்டே வாரத்துல உள்பக்கம் பிடிச்சுக்கிச்சு. காரணம் அந்த உதைதான். முட்டியை மடிச்சு, பாதத்தை வெளியே திருப்பி, அரைவட்டமா வீசி மூடுறோம்ல, அப்ப முட்டியோட உள்பக்கத் தசைநார் இழுபடுது. போட்டி வீரர்களுக்கே இது வரும். இப்ப மல்லாக்க நீச்சல் மட்டும்தான். கால் இடுப்புல இருந்து அசையும், முட்டி லேசாத்தான் மடங்கும்.

முதல் மாசம் நான் நீந்தவே இல்ல, நெஞ்சளவு தண்ணியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன், அவ்வளவுதான். பசங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டும். இடுப்பளவு தண்ணியில நின்னா காலுக்கு நம்ம எடையில பாதிதான் வருதாம், நெஞ்சளவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, கழுத்தளவுன்னா பத்துல ஒரு பங்கு. இதை யாரும் சொல்ல வேண்டியதே இல்ல. வெளிய வரும்போது ஏணியில மூணாவது படிக்கு வாங்க, என்னோட 68 கிலோ எடையும் அப்படியே திரும்பி முட்டியில உக்காரும்.

தசையும்எலும்பும்:
நான் பிசியோதெரபிஸ்ட். மேலே அக்கா சொன்னது சரி. ஆனா பளு குறையறது பாதிக் கதைதான். தண்ணி காத்தைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி. காலை முன்னால தள்ளினாலும் எதிர்ப்பு, பின்னால இழுத்தாலும் எதிர்ப்பு. எவ்வளவு வேகமா அசைக்கிறீங்களோ அதுக்கும் மேல எதிர்ப்பு ஏறும். அதனால முட்டி அடிபடாம தொடைத் தசை வேலை செய்யுது. தேய்ஞ்சது திரும்ப வளராது, அந்த ஆசையை யாராவது காட்டினா நம்பாதீங்க. சுத்தியிருக்கற தசை பலமானா முட்டிக்கு வர்ற சுமையை அது வாங்கிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. குப்புற நீந்தப் போறீங்கன்னா தூரத்தை மெல்லக் கூட்டுங்க, இல்லேன்னா முட்டி வலி தோள் வலியா மாறும். அடுத்தது எலும்பு. தண்ணியில பளு இல்லாததால எலும்பு உறுதியாக நீச்சல் பெருசா உதவாது. வாரத்துல மூணு நாள் தரையிலயும் எதாவது செய்யணும். கையை ஊனாம நாற்காலியில இருந்து பத்துத் தடவை எழுந்து உக்காருங்க. குத்தல் ரெண்டு வாரத்துல குறையலேன்னா, இல்ல முட்டி வீங்கினா, டாக்டரைப் போய்ப் பாருங்க.

வாய்க்கால் ஆலோசனை சொன்னவருக்கு: ஓடுற தண்ணி, பாசி, அடியில கல்லு. தேய்ஞ்ச முட்டி அங்க ஒருதரம் திருகிக்கிட்டா அப்புறம் குளத்துக் கட்டணம் சில்லறைக் காசு.

விசில்54:
பத்து நாளாச்சுங்க. தவளையை விட்டாச்சு, உள்பக்கக் குத்தல் பாதிக்கு மேல போயிருச்சு. முதல்ல கால் மணி நேரம் நடை, அப்புறம் மல்லாக்க. நாற்காலி வேலைதான் சிரமம், ஏழுக்கு மேல தொடை நடுங்குது. மல்லாக்கப் போறதுல செவுரு எங்க வருதுன்னு தெரியாம ரெண்டு தரம் மண்டை முட்டிக்கிட்டேன். இப்ப மேல தகரக் கூரையில மூணாவது கம்பி வந்ததும் கையை நீட்டிடறேன்.